மேல், மேல், கீழ்

பர்வானியாவில் எங்கள் அறையில் இரண்டு இரும்புக் கட்டில்,
ஒவ்வொன்றும் இரண்டடுக்கு.
ஆள் மூன்று.
மேலே தேவசகாயம், மேலே நான்,
கீழே யூனுஸ்.
மிச்சமிருந்த கீழ்ப்படுக்கையில்
அரிசி மூட்டையும் எங்கள் பெட்டிகளும்.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிச் சிரித்தேன்:
நாம் மூவரும் ஒரு புரோட்டான்.
அதற்குள்ளும் மூன்று குவார்க்,
இதே வரிசை. மேல், மேல், கீழ்.
யூனுஸ் கேட்டான்,
அங்கே வாடகை யார் கட்டுகிறார்கள்?

எனக்கு வேலை ஆஸ்பத்திரி நிலவறையில்,
இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் சைக்ளோட்ரான்.
விடியுமுன் புரோட்டான்களைச் சுழற்றி
அரைத் தேக்கரண்டி கனநீரக்கம் கொண்ட நீரின்மேல் எறிவேன்.
தங்கத்தை விட விலை, சிந்தினால் என் ஒரு மாதம்.
ஆக்சிஜன் ஃப்ளோரினாகும். அதைச் சர்க்கரையில் கோத்து
ஈயக் குடுவையில் பூட்டி
டிரைவர் குல்ஜமானிடம் தருவேன்.
நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதியாகிவிடும்,
அப்புறம் அதில் பாதி.
காத்திருக்கத் தெரியாத சரக்கு.

குவார்க்கைத் தனியே கண்டவர் இல்லை.
இழுத்தால் இழுபடும்,
அறும்போது இழுத்தவன் உழைப்பே உறைந்து
அறுந்த முனைக்கொன்றாய்ப் புதிதாக முளைத்துவிடும்.
முனவ்வர் விசா ரத்தாகிக் காலை விமானத்தில் போனான்.
மாலையில் அவன் படுக்கையில்
யூனுஸின் பெட்டி.
தனியாக இருக்க இந்த ஊரில்
யாருக்கும் சம்பளம் போதாது.

இதையும் எங்கோ சொல்லவேண்டும்:
மூன்று குவார்க்கையும் தனித்தனியே எடைபோட்டுக் கூட்டினால்
புரோட்டானின் எடையில் நூற்றில் ஒன்றுதான் தேறும்.
மற்றதெல்லாம் உள்ளே ஓடுகிற ஓட்டம்,
ஒன்றையொன்று விடாத பிடி.
ஒன்றரைக் கிலோ கூடுதல் என்று
பால்பவுடர் டப்பாவை வெளியே எடுக்கச் சொன்ன
விமான நிலையத்துப் பெண்ணிடம்
இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

தெற்கே புர்கானில் இரவெல்லாம் வாயு எரிகிறது.
தீயின் கை எட்டுவது எலக்ட்ரான் வரைக்கும்தான்,
செருப்பு கழற்றிவைக்கிற இடம் வரைக்கும்.
உள்ளே இருக்கிற மூவருக்கு
ஒரு நாடே எண்ணெயில் பிழைப்பது தெரியாது.

நேற்று புழுதிக்காற்று.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்திருந்தோம்.
சாரத்தில் பதினொரு மணிநேரம் நின்றுவந்த தேவசகாயம்
ஏணியின் இரண்டாம் படியில் நின்றுவிட்டான்.
முழங்கால் தேங்காய் அளவு வீங்கியிருந்தது.
அரிசியையும் பெட்டிகளையும் மேலே ஏற்றி
அவனைக் கீழே படுக்கவைத்தோம்.
மேல், கீழ், கீழ்.
நியூட்ரான் என்று நான் சொல்லவில்லை.
அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நாலரைக்குக் குடுவை கிளம்பியது, ஜஹ்ராவுக்கு.
ஆறாம் வட்டச்சாலையில் முன்விளக்கே தெரியாத செம்மண் இருட்டு.
பாலத்தடியில் வண்டியை ஒதுக்கிவிட்டுக்
குல்ஜமான் போன் செய்துகொண்டே இருந்தான்.
கித்னா பச்சா பாய்?
ஆறே காலுக்கு, பாதி என்றேன்.
எட்டு மணிக்கு, கால்.
அங்கே சீட்டில் ஒரு எண், பெண், வயது அறுபத்திரண்டு,
முந்தைய இரவிலிருந்து பட்டினி.
கால் பங்கு போதும், நேரம் கூட்டி எடுக்கிறோம்
என்றார்கள்.

எடுத்திருப்பார்கள்.
அவள் உடம்பில் எங்கோ, சர்க்கரைக்கு அலையும் ஓரிடத்தில்
ஒரு குவார்க்
மேல்படுக்கையிலிருந்து கீழ்ப்படுக்கைக்கு இறங்கியிருக்கும்.
இறங்கும்போது தெறித்த துணுக்கு
அருகிலிருந்த எலக்ட்ரானைத் தழுவி
இரண்டும் இல்லாமல் போய்
எதிரெதிர்த் திசையில் இரண்டு ஒளி.
இயந்திரம் அவற்றைக் கோடிட்டு இணைத்துச் சொல்லும்,
இங்கே.
என்ன சொன்னது என்று எனக்குத் தெரியவராது.
எனக்கு வருவது காலிக் குடுவை.

அறைக்குத் திரும்பியபோது தேவசகாயம் தூங்கிவிட்டிருந்தான்,
தலையணைமேல் கால்.
லைட்டை அணைடா என்றான் யூனுஸ், போர்வைக்குள்ளிருந்து.
நான் ஏறிப் படுத்துவிட்டிருந்தேன்.
எதிர்ப் படுக்கையில் அரிசி மூட்டை.
மேலே இப்போது நான் ஒருவன்தான்.
இறங்கவில்லை.